பெரியப்பாவின் காது

அத்தியாயம் 14

போன வாரம் மூத்தவள் ஒரு சபதம் செய்தாள். அம்மா படுத்திருக்கும் அறைக்குள் கேமரா வந்தால், அதன் பிறகு அப்பாவின் காதில் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை என்று. அந்தச் சபதம் சரியாக மூன்று நாள் தாங்கியது.

உடைத்தவன் தம்பி. அவன் சண்டை போடவில்லை, கெஞ்சவுமில்லை. சோபாவில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டே, அம்மாவை ஏதாவது பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று அப்பா யோசிப்பதாகவும், விண்ணப்பம்கூட வாங்கி வைத்தாகிவிட்டது என்றும் சொன்னான். வீடு அப்பாவுடையது. படப்பிடிப்பு நல்லபடியாக முடிந்தால் விண்ணப்பம் மேஜைக்குள் போய்விடும் என்பதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குப் புரியாமலும் இல்லை.

அதனால்தான் இன்று காலை ஏழு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றபோது கேட்டைத் திறந்துவிட்டவள் அவளாகவே இருந்தாள்.

இந்தத் தொடருக்கு இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்த வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் பெரியப்பா. தொலைக்காட்சியில் ஆறு வருஷமாக ‘பெரியப்பா கேட்கிறார்’ நடத்துகிறார். மாமியாரும் மருமகளும், ஓடிப்போன மகளும் விரட்டிவிட்ட அப்பனும் வந்து அவர் முன்னால் உட்கார்ந்து அழுவார்கள். அவரும் அழுவார். முதலில் இடது கண்ணில் ஒரு சொட்டு, கொஞ்சம் விட்டு வலது கண்ணில் ஒரு சொட்டு. பிறகு எல்லாரையும் கட்டிப்பிடிக்க வைத்து அனுப்பிவிடுவார். அவர்கள் வெளியே போய் விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொள்வது ஒளிபரப்பில் வராது.

அதற்கு முன்னால் அவர் ஸ்டூடியோ காலத்துக் கதாநாயகன். பத்தொன்பது வயதில் உள்ளே போனவர். ஸ்டூடியோ முதலாளி அவருடைய முன்பல்லை மாற்றினார், நடையை மாற்றினார், மீசையை எடுத்துவிட்டு வேறு மீசை வளர்க்கச் சொன்னார். கல்யாணத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. குழு நடனத்தில் மூன்றாம் வரிசையில் ஆடிய ஒரு பெண்ணை இவர் ரகசியமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணமானவன் என்று தெரிந்தால் மார்க்கெட் போய்விடும் என்றார் முதலாளி. ஆகவே வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தப் பெண் ‘தங்கச்சி’ ஆக்கப்பட்டாள். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்ததும், இல்லாத ஒரு மாப்பிள்ளையை உண்டாக்கி அவனைக் கப்பல் வேலைக்கும் அனுப்பி வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் நம் மூத்தவள். ஆறு வயது வரை பெற்ற அப்பாவை வெளியாட்கள் முன்னால் ‘மாமா’ என்று கூப்பிட்டாள். ஒருமுறை வாய் தவறி ‘அப்பா’ என்று சொல்லி அறை வாங்கினாள். அடித்தவர் முதலாளி இல்லை.

எழுதுகிற எனக்கே குமட்டுகிறது. ஆனால் இன்று நடந்ததை எழுத வேண்டும் என்றால் இதைச் சொல்லாமல் முடியாது. அன்று மார்க்கெட் போய்விடும் என்று அந்த அம்மாவை மறைத்தார். இன்று மார்க்கெட் வர வேண்டும் என்று அவளைக் காட்டப் போகிறார். பெரியப்பா கேமரா முன்னால் நின்று ஐம்பது வருஷம் ஆகிறது, அதற்கொரு சிறப்பு நிகழ்ச்சி. பக்கவாதம் வந்து, பேச்சு போய், பதினோரு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு அவர் கையால் ஊட்டிவிடுவதுதான் அதன் முக்கியக் காட்சி.

அவர் ஒரு நாளும் ஊட்டியதில்லை. அந்த அறைக்குள் போனதுகூட இல்லை. வாசற்படியில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, “எப்படி இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போவார். பதிலுக்கு நிற்பதும் கிடையாது.

இயக்குநரைக் குழுவில் எல்லாரும் ‘இன்னொண்ணு’ என்றுதான் அழைப்பார்கள், முதுகுக்குப் பின்னால். எவ்வளவு நன்றாக வந்தாலும் “இன்னொண்ணு போயிடலாம்” என்று சொல்கிற ஆள். மூத்தவள் அவரை வராந்தாவிலேயே மறித்து நிபந்தனைகளைச் சொன்னாள். அம்மாவை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஒரு ஸ்பூன் உள்ளே போனால் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. இல்லாவிட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும், உயிருக்கே ஆபத்து. பத்தே நிமிஷம். முகத்தைக் கிட்டத்தில் காட்டக் கூடாது.

இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கழுத்து அவருக்கு நன்றாகவே வேலை செய்தது.

பத்து நிமிஷம் கழித்து அவள் உள்ளே போனபோது மேக்கப்காரர் அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுப்பு தடவிக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டாள். அவர் சங்கடத்தோடு கையை எடுத்தார். அம்மா பார்க்க நன்றாக இருக்கிறார்களாம், நோயாளி மாதிரித் தெரியவில்லையாம். நேற்றுத்தான் மூத்தவள் அம்மாவுக்குத் தலைக்குக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, முகத்துக்குக் கிரீம் தடவியிருந்தாள். அது தப்பாகிவிட்டது.

அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டதே தவிர, புரிந்துகொள்வது துளிகூடப் போகவில்லை. நல்ல பக்கத்துக் கண் மகளையே பார்த்தது. மூத்தவள் ஈரத்துணியை எடுத்துக் கறுப்பைத் துடைத்தாள். அவள் வெளியே போனதும் மறுபடி தடவினார்கள்.

சாப்பாட்டிலும் கை வைத்தார்கள். கிண்ணத்தில் இருந்த வெள்ளைக் கூழ் திரையில் எடுபடாது என்றார் இயக்குநர். காரட்டை வேகவைத்து மசித்து எடுத்து வந்தார்கள்.

அப்பா ஒன்பதரைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கைக்குட்டையில் நாலு வீட்டுக்கு மணக்கிற சென்ட். அறைக்குள் காலை வைக்கும்முன் கைக்குட்டையால் மூக்கை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார், குளத்தில் முங்குகிறவர் மாதிரி. பிறகு முகத்தில் புன்னகையை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மூத்தவளின் இடம் பக்கத்து அறை. ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மானிட்டர், கையில் ஒரு மைக். அவள் சொல்வது அப்பாவின் காதுக்குள் இருக்கும் பட்டாணி அளவு கருவியில் கேட்கும். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார்.

இது தொலைக்காட்சி கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை. ஸ்டூடியோவிலேயே அவர் வசனம் மனப்பாடம் செய்ததில்லை. கேமராவுக்குக் கீழே குந்தியிருந்து ஒரு பிராம்ட்டர் தாழ்ந்த குரலில் எடுத்துக்கொடுப்பார், இவர் அதைப் பிடித்து முழங்குவார். ஒரு நாள் பிராம்ட்டர் தோளில் பல்லி விழுந்து, “ஐயோ, பல்லி” என்றுவிட்டார். நம்மவர் கதாநாயகியின் முகவாயை ஏந்திக் கண் கலங்க, “ஐயோ, பல்லி” என்றார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்க, முதலாளி மட்டும் சிரிக்கவில்லையாம். வசனத்தை யோசிக்கிற நடிகனுக்கு முகம் கெட்டுப்போகும், இவன் யோசிக்காததால்தான் இவன் முகம் இவ்வளவு அழகாக இருக்கிறது என்றாராம். அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்றுவரை பேட்டிகளில் சொல்லிவருகிறார். அந்தப் பிராம்ட்டர் இறந்த பிறகு, பள்ளி ஆசிரியையாக இருந்த மூத்தவள் வேலையை விட்டுவிட்டு இந்த ஸ்டூலுக்கு வந்தாள். பெரியப்பா இந்த ஆறு வருஷத்தில் ஊருக்குச் சொன்ன அறிவுரை அத்தனையும் அவள் வாய் வழியாகப் போனவை.

முதல் டேக்.

மானிட்டரில் அப்பா ஸ்பூனை எடுத்தார். மூத்தவள் காகிதத்தைப் பார்த்து, எழுதிக் கொடுத்ததை வாசித்தாள்.

“இந்தக் கையாலதான் தினமும் ஊட்டுறேன். ஒரு நாள்கூட இவள இன்னொருத்தர் கையில விட்டதில்ல.”

சொல்லும்போதே நாக்கு கசந்தது. தினமும் ஊட்டுகிற கை இங்கே மைக்கைப் பிடித்திருந்தது. அப்பா சொற்களை வாங்கி, குரலைத் தழைத்து, இடது கண்ணில் ஒரு சொட்டு வரவழைத்துச் சொல்லி முடித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். காரட் அவள் வாய்க்குள் போயிற்று.

“பிரமாதம் சார். இன்னொண்ணு போயிடலாம்.”

இரண்டாவது டேக்கில் ஸ்பூனின் பளபளப்பு கண்ணைக் கூச வைத்ததாம். மூன்றாவதுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணைகளில் இரண்டை உருவினார்கள். படுத்த மாதிரி இருந்தால்தான் பரிதாபமாக இருக்கும். மூத்தவள் கதவைத் திறந்து, நடைபாதையில் நின்ற தம்பியிடம், தலையணையை வைக்கச் சொல் என்றாள்.

“ரெண்டு நிமிஷம்க்கா. இப்ப போய் குறுக்க நின்னா ‘இன்னொண்ணு’ இன்னும் நாலு கேப்பான்.”

அவள் ஸ்டூலுக்குத் திரும்பினாள். மூன்றாவது டேக் தொடங்கிவிட்டது. மைக் பொத்தானை அழுத்தினாள். அந்த நொடியில் மானிட்டரில் ஒன்றைப் பார்த்தாள்.

அம்மாவின் எச்சில் அப்பாவின் விரலில் பட்டிருந்தது. அவர் அதைக் கட்டில் விரிப்பில் துடைத்தார். ஒருமுறை துடைத்துவிட்டு, போதாதென்று திருப்பித் திருப்பித் துடைத்தார். முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. அம்மா அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவளுக்குக் காகிதம் மறந்தது, பொத்தானில் விரல் இருப்பதும் மறந்தது. தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

“பதினோரு மாசமா இந்த ரூமுக்குள்ள வந்ததில்ல. நாத்தம் தாங்கலையாம்.”

அடுத்த அறையிலிருந்து அந்தப் புகழ்பெற்ற குரல், கனத்து, உடைந்து, சுவரைத் தாண்டி வந்தது.

“பதினோரு மாசமா… இந்த ரூமுக்குள்ள வந்ததில்ல. நாத்தம்… தாங்கலையாம்.”

தொலைந்தோம், விண்ணப்பம் நாளையே இல்லத்துக்குப் போய்விடும் என்று மூத்தவள் நினைத்தாள். அதே சமயம் ஒரு கெட்ட சந்தோஷமும் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. கடைசியில் உண்மை அந்த வாயிலிருந்தே வந்துவிட்டது. இனி இவர்கள் கேமராவை எந்த முகத்தோடு தூக்கிக்கொண்டு போவார்கள்?

அம்மா கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். சுவருக்குப் பின்னால்தான் மகள் இருக்கிறாள்.

இயக்குநர் கைதட்டினார். லைட்காரர்களும் தட்டினார்கள்.

“சார், என்ன சார் இது? ஸ்க்ரிப்ட்லயே இல்லையே. தன் தப்ப தானே ஒத்துக்கிட்டு, தன்னையே கிண்டல் பண்ணிக்கிட்டு. அந்த ‘யாம்’ இருக்கே சார், தாங்கலை‘யாம்’. அதுக்கே அவார்டு குடுக்கலாம்.”

அப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை என்பதை மூத்தவள் அந்தக் குனிவிலேயே கண்டுகொண்டாள். பாராட்டு வந்திருக்கிறது, அது போதும். தம்பி நடைபாதையில் நின்று யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான்.

அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. அவர்கள்மேல் மட்டுமில்லை, தன்மேலும். உண்மையைச் சொன்னால் இவர்கள் வெட்கப்படுவார்கள் என்று ஒரு நொடி நம்பினாளே, அந்த அசட்டுத்தனத்தின்மேல். பொய்யைவிட உண்மை இவர்களுக்கு இன்னும் ருசியாக இருந்தது.

“இன்னொண்ணு போயிடலாம் சார். இதே டயலாக். நீங்க ‘யாம்’ சொல்றப்ப கேமரா அம்மா முகத்துக்குக் கிட்ட போகும். ஸ்பூன் ஃபுல்லா எடுத்துக்குங்க.”

கேமரா அம்மாவின் முகத்துக்குக் கிட்டே போயிற்று. மானிட்டர் நிறைய அம்மாவின் முகம். அப்போதுதான் மூத்தவள் கவனித்தாள். மூன்று ஸ்பூன் உள்ளே போயிருக்கிறது, தொண்டை ஒருமுறைகூட அசையவில்லை. கூழ் அத்தனையும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் தேங்கி உப்பியிருந்தது. தலையணையும் இல்லை, தலை பின்னால் சரிந்திருந்தது. இன்னும் ஒரு ஸ்பூன் திணித்தால் அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

வாசல் முழுக்க டிராலியும் ஆட்களும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஸ்பூன் போய்ச் சேர்ந்துவிடும். அப்பாவிடம், வேண்டாம் நிறுத்துங்கள் என்று சொன்னால், அதையும் கண்ணீரோடு ஒப்பித்துவிட்டு ஊட்டுவார். ஸ்பூன் கிளம்பிவிட்டது.

மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டு வந்து ஒரே ஒரு சொல் சொன்னாள்.

“பேக்கப்.”

“பேக்கப்” என்றார் அப்பா.

கதாநாயகக் குரல். படப்பிடிப்பு முடிந்தது என்கிற அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு ஐம்பது வருஷத்தில் அவருடைய கை எதையும் பிடித்திருந்ததில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து நின்றார். அதே நொடியில் விளக்குகள் அணைந்தன. லைட்காரர்கள் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்கள். இயக்குநர் பதறிப்போய், யார் சொன்னது, இன்னும் முடியவில்லை என்று கத்தினார்.

“பெரியப்பாவே சொல்லிட்டாரு சார்” என்றார் தலைமை லைட்காரர், சுருட்டுவதை நிறுத்தாமல். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு எந்த லைட்காரரும் இந்த உலகத்தில் மறுபடி விளக்கைப் போட்டதில்லை.

கூட்டம் கலைந்து வெளியே வரவர, மூத்தவள் எதிர்த்திசையில் நெருக்கித் தள்ளிக்கொண்டு போனாள். நடைபாதையில் தம்பி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். முகம் பூரித்திருந்தது. சேனலுக்கு அந்தத் துண்டை உடனே அனுப்பிவிட்டார்களாம், மேலிடம் ஆடிப்போய்விட்டதாம். இந்த ஒரு நிகழ்ச்சியோடு நிறுத்த வேண்டாமாம். வாரா வாரம் பெரியப்பாவும் பெரியம்மாவும்.

“நான் சரின்னு சொல்லிட்டேன்க்கா. இனிமே இல்லம் கில்லம்னு பேச்சே இல்ல, அம்மா இங்கயேதான். உனக்கும் அதானே வேணும்?”

அவன் கையை உதறிவிட்டு அவள் அறைக்குள் போனாள்.

அப்பா கட்டிலருகே நின்றிருந்தார். ஆட்கள் வெளியேறிய பிறகு அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருந்திருக்கிறார்கள், பதினோரு மாதத்தில் முதல் தடவையாக. காதில் யாரும் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவர் மனைவியின் பக்கம் குனிந்து, தாமாகவே ஒரு கேள்வி கேட்டார்.

“நல்லா வந்துச்சா?”

அம்மா அவரைப் பார்த்தாள். இத்தனை நேரமும் கன்னத்தில் அடக்கி வைத்திருந்த மூன்று ஸ்பூன் காரட்டையும் அவர் சட்டைமேல் துப்பினாள். பாதி உதடுதான் வேலை செய்யும், ஆனாலும் குறி தப்பவில்லை.

அப்பா நிமிர்ந்தார். வெள்ளைச் சட்டையில் காரட் வழிந்தது. கோபப்படுவதா, சிரிப்பதா, வருந்துவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. விரல் தானாகக் காதுக்குப் போயிற்று. அங்கே சத்தம் இல்லாததால் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப என்னம்மா சொல்லணும்?”

மூத்தவள் அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து, விரலை விட்டு வாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அம்மாவின் தொண்டை ஏறி இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் தலையைத் திருப்பாமல் பதில் சொன்னாள்.

“மன்னிப்பு கேக்கணும்ப்பா.”

அப்பா மனைவியின் பக்கம் திரும்பினார். முகவாயைக் கொஞ்சம் இறக்கினார், அணைந்துபோன விளக்கு இருந்த திசைக்கு முகத்தை ஒரு விரல்கடை நகர்த்தினார். இடது கண்ணில் ஒரு சொட்டு துளிர்த்தது. குரல் தழுதழுத்தது.

“மன்னிப்பு கேக்கணும்ப்பா” என்றார்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். யாரும் கைதட்டவில்லை. சட்டையை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

மூத்தவள் அம்மாவின் முகத்தில் மிச்சமிருந்த கறுப்பைத் துடைத்தாள். கையைக் கழுவினாள். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கித் தரையில் வைத்துத் திறந்தாள்.

தம்பி வாசலுக்கு வந்தான். பெட்டியைப் பார்த்தான். சிரிப்பு போயிற்று.

“எங்கக்கா போறே, அம்மாவைத் தூக்கிட்டு?”

எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை. அம்மாவின் துணிகளில் துவைத்தது எது, துவைக்க வேண்டியது எது என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.